ஹியூஜ் பேஜ்: எக்ஸ்86 செட்டிங்கை ஆர்ம்64-க்குக் கொண்டுபோகும் முன்

லினக்ஸ் கர்னல் மெமரியை 'பேஜ்' என்ற சிறு துண்டுகளாகக் கையாளும்; வழக்கத்தைவிடப் பெரிய துண்டுதான் ஹியூஜ் பேஜ். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) சர்வரில் அதன் எண்ணிக்கையை 64 என்று வைத்திருந்தேன். ஒன்று 2 எம்பி, மொத்தம் 128 எம்பி. அதே கான்ஃபிக் ஃபைலை 16 ஜிபி ராம் உள்ள ஆர்ம்64 மெஷினில் போட்டதும் மெமரி அடியோடு காலி. டாப் கமாண்டில் பார்த்தால் எந்த ப்ராசஸும் பெரிதாக எடுத்திருக்கவில்லை. காரணம் பிடிபட அரை நாள் ஆனது.

முதலில் சாதாரண பேஜின் அளவு எத்தனை பைட் என்று டெர்மினலில் 'கெட்கான்ஃப் பேஜ்சைஸ்' அடித்துப் பாருங்கள். எக்ஸ்86-இல் எப்போதும் 4096தான். ஆர்ம்64-இல் கர்னலை எப்படி பில்டு செய்தார்கள் என்பதைப் பொறுத்து 4096, 16384, 65536 இதில் ஒன்று வரும். எனக்கு வந்தது 65536.

நான் சறுக்கியது இங்கேதான். பேஜ் டேபிளும் (எந்த முகவரி ராமில் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை) ஒரு பேஜுக்குள்தான் இருக்கிறது, ஒரு என்ட்ரிக்கு 8 பைட். 4 கேபி பேஜில் 512 என்ட்ரி பிடிக்கும். ஒவ்வொன்றும் 4 கேபியைக் காட்டும். ஆக 2 எம்பி. அந்த டேபிளே இல்லாமல், மேல்மட்ட என்ட்ரி ஒன்றே 2 எம்பியையும் நேராகக் காட்டினால் அதுதான் ஹியூஜ் பேஜ். டிஎல்பியில் (சமீபத்தில் தேடிய முகவரிகளை ப்ராசஸர் நினைவில் வைக்கும் சின்ன கேஷ்) 512 இடத்துக்குப் பதில் ஒரே இடம். இப்போது 64 கேபிக்குக் கணக்குப் போடுங்கள்: 8192 என்ட்ரி, ஒவ்வொன்றும் 64 கேபி, மொத்தம் 512 எம்பி. நான் கேட்ட 64 பேஜுக்கு 32 ஜிபி! கர்னல் கிடைத்தவரை ஒதுக்கி வைத்துக்கொண்டது. அப்படி ஒதுக்கியது எந்த ப்ராசஸ் கணக்கிலும் வராது; மெமரி நிலவரத்தைக் காட்டும் மெம்இன்ஃபோ ஃபைலில் 'ஹியூஜ்பேஜஸ் டோட்டல்', 'ஹியூஜ்பேஜ்சைஸ்' வரிகளில்தான் தெரியும்.

அடுத்து, அளவைச் சொல்லிக் கேளுங்கள். கர்னல் செட்டிங்கை மாற்றும் சிஸ்கண்ட்ரோலில் வெறும் எண்ணிக்கை கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். கர்னல் செட்டிங்குகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் ஒவ்வொரு அளவுக்கும் தனி டைரக்டரி உண்டு, பெயரிலேயே அளவு இருக்கும்; அதில் எழுதுவதே பாதுகாப்பு. 64 கேபி ஆர்ம் கர்னலிலும் 2 எம்பி டைரக்டரி இருக்கிறது: அடுத்தடுத்த 32 பேஜை ஒன்றாகக் கருதும்படி ஹார்டுவேருக்குக் குறிப்பு வைத்து அதைச் செய்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

கோடில் ஹியூஜ் பேஜ் கேட்டு எம்மேப் (மெமரி வாங்கும் சிஸ்டம் கால்) அழைக்கும்போதும் 2 எம்பி ஃப்ளாகைச் சேர்த்தே கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த மெஷினின் டீஃபால்ட் அளவுக்குப் போய்விடும். அதைத் திருப்பித் தரும் எம்அன்மேப்பில் நீளம் ஹியூஜ் பேஜ் அளவின் மடங்காக இல்லையென்றால் 'தவறான ஆர்க்யுமென்ட்' எரர்தான் வரும்.

பின்சேர்க்கை: ஐபிஎம்மின் பவர்9 ப்ராசஸரில் ஹியூஜ் பேஜ் அளவுக்கு, ஒரே சிப்புக்கு இரண்டு விடை வருவதாக ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். இரண்டும் சரி. பேஜ் டேபிளை அமைக்க அதில் இரண்டு முறை உண்டு: ஹேஷ் முறையில் பூட் ஆனால் 16 எம்பி, ரேடிக்ஸ் முறையில் 2 எம்பி.

இன்னொருவர் எக்ஸ்86-இல் 1 ஜிபி பேஜ் 4 கேட்டார். எரர் இல்லை, ஆனால் எதுவும் கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் 1 ஜிபி தொடர்ச்சியான இடம் கிடைப்பது கடினம், கர்னல் குறைவாகக் கொடுத்தாலும் எரர் சொல்லாது. எழுதிய எண்ணைத் திரும்பப் படித்துப் பாருங்கள். 1 ஜிபி வேண்டுமென்றால் பூட் கமாண்ட் லைனிலேயே கேளுங்கள்: முதலில் அளவு, அதற்குப் பிறகு எண்ணிக்கை. வரிசை மாறினால் அந்த எண்ணிக்கை டீஃபால்ட் அளவுக்குப் போய்விடும்.