தண்டனை சொல்லும் முன் சிறுவயதுக் கஷ்டத்தை நீதிமன்றத்தில் எப்படிக் காட்டுவது

தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான், இனி தண்டனை எவ்வளவு என்பதுதான் கேள்வி. இந்த நிலையில் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் சட்டத்தரணியிடம் சொல்வது ஒரே வரிதான்: “சின்னதிலேயே கஷ்டப்பட்ட பிள்ளை, சேர்.” இது போதாது. அந்தக் கஷ்டம் அவனை என்ன செய்தது, அது இந்தக் குற்றம் வரை எப்படி வந்தது என்று காட்டவேண்டும்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, சிறைத்தண்டனையை ஒத்திவைப்பதா, அதாவது உடனே சிறைக்கு அனுப்பாமல் விடுவதா என்று யோசிக்கும்போது குற்றவாளியின் பொறுப்பின் அளவு, முன்னைய நடத்தை, தண்டனையைத் தணிக்கும் காரணங்கள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் குற்றத்தின் பாரதூரம்தான் முதலில் எடைபோடப்படும். அதனால் ‘அவன் மேல் பிழை இல்லை’ என்ற தொனியில் பேசவே வேண்டாம், பாதிக்கப்பட்டவரின் ஆட்களும் அங்கே இருப்பார்கள்.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தாது, ஆனாலும் சட்டத்தரணி காட்டி வாதாடலாம். 2013 இல் பக்மி வழக்கில் அவுஸ்திரேலியாவின் உச்ச மட்ட நீதிமன்றம், குடியும் அடிதடியும் சூழ வளர்ந்த ஒருவரில் அதன் பாதிப்பு வயது போகப்போகக் குறைந்துவிடாது, பலமுறை குற்றம் செய்தவர் என்றாலும் அதற்கு முழு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்றது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவர் என்றால், மற்றவர்களைப் பாதுகாக்கும் தேவையும் கூடும். ஆகவே இனி எங்கே இருப்பான், யார் பொறுப்பு, என்ன வேலை, போதைப் பழக்கம் இருந்தால் எங்கே சிகிச்சை என்பதையும் சேர்த்தே கொடுங்கள்.

இப்போது கடதாசிகள். பாடசாலை விடுகைப் பத்திரம், அம்மாவோ அப்பாவோ இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், சிறுவர் இல்லத்தில் இருந்திருந்தால் அந்தப் பதிவு, பழைய கிளினிக் கொப்பி, போரில் இடம்பெயர்ந்து முகத்துவாரத்துக்கோ மட்டக்குளிக்கோ வந்த குடும்பம் என்றால் முகாமில் இருந்ததற்கான அத்தாட்சி. ஆசிரியரோ ஃபாதரோ பக்கத்து வீட்டு அக்காவோ கடிதம் தருவதென்றால் ‘நல்ல பிள்ளை’ என்று எழுதி அனுப்பவேண்டாம், எந்த வருடம் என்ன பார்த்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்: எட்டாம் வகுப்போடு ஏன் நின்றான், இரவில் யார் வீட்டில் படுத்தான். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து நீதிமன்ற மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் பேசப்படுவது தம்பிக்கு விளங்காவிட்டால், அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி உரைபெயர்ப்புக் கேட்பது அவனுடைய உரிமை, தயங்காதீர்கள்.

நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையையோ சமுதாயம்சார் சீர்திருத்த உத்தியோகத்தரின் அறிக்கையையோ அழைப்பிக்கும்படி சட்டத்தரணி கேட்கலாம். அவர்கள் வீட்டுக்கு வரும்போதுதான் எங்கள் சனம் பிழைவிடுகிறது. அப்பா குடித்துவிட்டு அடித்தார், மாமா வீட்டில் பிள்ளைக்கு நடக்கக்கூடாதது நடந்தது என்பதையெல்லாம் மானம் போய்விடும் என்று மறைத்து, ‘ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தோம்’ என்கிறார்கள். பிறகு அந்த வரிதான் அறிக்கையில் ஏறும், சட்டத்தரணி எழும்பி நின்று சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. முதலில் தம்பியிடம் கேளுங்கள், எதைச் சொல்லலாம் என்பது அவனுடைய முடிவு. திறந்த மன்றில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எழுத்தில் கொடுக்க வழி உண்டா என்று சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள்.

காசு இல்லாவிட்டால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எப்படியும் எல்லாவற்றையும் வழக்குத் திகதிக்கு ஒரு கிழமை முன்னராவது சட்டத்தரணியின் கையில் சேருங்கள். அன்று காலை வாசலில் வைத்துக் கொடுத்தால் அவருக்கு வாசிக்கக்கூட நேரம் இருக்காது.