வேலூரிலிருந்து இந்திப் படத்தில் துணை வேடம்: டேப் முதல் சம்பளம் வரை

இரண்டு மூன்று காட்சியில் வந்துபோகும் வக்கீல், இன்ஸ்பெக்டர், கதாநாயகியின் சித்தப்பா. துணை வேடம் என்றால் பெரும்பாலும் இவைதான். இதற்காக மும்பையில் ரூம் எடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வடிகட்டல் செல்போனில் எடுத்து அனுப்பும் ஆடிஷன் டேப்பிலேயே நடக்கிறது. அதைக் காட்பாடியில் இருந்தே அனுப்பலாம்.

முதலில் உச்சரிப்பு. இந்தியில் சாப்பாடும் பாட்டும் நம் வாயில் ஒரே ‘கானா’வாகத்தான் வரும். உதட்டுக்கு நான்கு விரல் தள்ளி ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். சாப்பாட்டை (khaana, மூச்சோடு வரும் ‘க’) சொல்லும்போது அது ஆட வேண்டும், பாட்டை (gaana) சொல்லும்போது ஆடக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டில் உருது பேசுபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் வசனத்தில் தக்காண உருதுவில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஒரு ‘நக்கோ’ எட்டிப்பார்த்தால் டெல்லி போலீஸ் வேடம் போச்சு.

டேப்புக்குப் போனைப் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். பின்னால் வெற்றுச் சுவர், ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு நேரே. ஃபேன் ஓடக் கூடாது. வேலூர் வெயிலில் அது தண்டனைதான், அதனால் விடிந்து வெளிச்சம் வந்ததுமே எடுத்துவிடுங்கள். பெயர், வயது, உயரம், ஊர் சொல்லி, இரு பக்கவாட்டு முகத்தையும் காட்டிய பிறகே காட்சி. எதிர் வசனம் படிப்பவர் போனை ஒட்டி நின்று தணிந்த குரலில் படிக்கட்டும். மைக் அவருக்குப் பக்கத்தில் இருப்பதால், சாதாரணமாகப் பேசினாலே உங்கள் குரலை அமுக்கிவிடுவார்.

தெருக்கூத்து ஆடியவர்களுக்குத் தனியாக ஒன்று: விடிய விடியத் திறந்தவெளிக்குப் பழகிய குரலும் புருவமும் குளோஸப்பில் தாங்காது. குறைக்கச் சொன்னால் பலர் மூச்சையும் சேர்த்துக் குறைப்பார்கள், வசனம் செத்துவிடும். மூச்சு கூத்தில் எடுக்கும் அளவே இருக்கட்டும். சத்தம் மட்டும் பாதியாகட்டும்.

டேப் பிடித்துப்போனால் மும்பையில் அந்தேரி மேற்கு, வெர்சோவா ஆராம் நகர்ப் பக்கம் நேரில் கூப்பிடலாம். ஆடிஷனுக்கோ, நடிகர் அட்டை எடுத்துத் தருகிறேன் என்று ‘கார்டு’க்கோ பணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். வேடம் உறுதியானதும் எத்தனை நாள், ஒரு ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், டப்பிங் இதில் சேர்த்தியா, பயணச் செலவு யாருடையது, எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் பல இடங்களில் 90 நாள் கழித்தே வரும். வரிப்பிடித்தம் போகத்தான் கையில் கிடைக்கும். வாடகைக்கு அதை நம்பாதீர்கள்.

விடுபட்ட ஷாட்டுகளைப் பின்னால் எடுக்கும் பேட்ச் ஷூட்டிங் எல்லாம் முடிந்தது என்று கம்பெனி சொல்லும்வரை மீசை, தலைமுடியில் கை வைக்கக் கூடாது. திருப்பதி மொட்டையை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.