இருட்டில் இழுபட்ட நிழல்

இரவில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடுவதுதான் என் வழக்கம். கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரிய வேண்டும் என்றே 27 அங்குல விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை) மானிட்டர் வாங்கினேன். விஏவில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், சுமார் 3000:1. இன்னொரு வகையான சாதாரண ஐபிஎஸ்ஸில் பெரும்பாலும் 1000:1தான்.

முதல் இரவே கண்ணை உறுத்தியது. இருண்ட குகைக்குள் கேமராவைத் திருப்பினால், பாறையின் விளிம்பிலிருந்து மையை விரலால் இழுத்ததுபோல ஒரு கறை பின்னாலேயே வந்தது.

விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்தால், நொடிக்கு 144 முறை படத்தை மாற்றக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் ஓடிக்கொண்டிருந்தது! மாற்றியதும் அசைவு வழுவழுப்பானது, கறை மட்டும் போகவில்லை. 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 7 மில்லிசெகண்ட்கூடக் கிடையாது. விஏ பிக்சல் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதற்குள் அடுத்தடுத்த ஃபிரேம்கள் வந்துவிடும். அந்த மிச்சம்தான் கறை.

சரி என்று, பிக்சலை வேகமாக மாறத் தூண்டும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தேன். கறை குறைந்தது, ஆனால் ஓடும் உருவங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு முளைத்தது. அது இன்னும் மோசம். நடுநிலைக்கு இறக்கிவிட்டு, மெனுவில் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் பிளாக் ஈக்வலைசரை இரண்டு படி ஏற்றினேன். இருள் கொஞ்சம் வெளுத்தது, இழுவையும் பெருமளவு அடங்கியது. நான் ஆடும் மெதுவான கதை விளையாட்டுகளுக்கு இது தாராளமாகப் போதும்.

தம்பி வேகமான சுடும் விளையாட்டுக்காரன். ஐபிஎஸ்ஸில் இந்த இழுவை குறைவு என்பதால் அவனை அதை வாங்கச் சொன்னேன். அதில் இருட்டில் மூலைகள் மங்கலாக ஒளிர்ந்தன. பிரைட்னஸைக் குறைத்து, மானிட்டருக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்றை ஒட்டினோம். இப்போது அந்த ஒளிர்வு அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.