ஒஸ்லோ மாநகரசபைத் தேர்தலில் நாம் விடும் தவறுகள்

2023 செப்டெம்பர் முதல் வாரம். ஒஸ்லோவின் குரூருட்டாலன் பகுதியில் நூலகம் ஒன்றில் முன்கூட்டிய வாக்களிப்புக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற மாமா ஒருவர் வாக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனார். போனவர் பத்து நிமிடமாகியும் வெளியே வரவில்லை. கடைசியில் வந்து வாக்கைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று எனக்காகக் காத்திருந்தார். "தம்பி, அந்தக் கட்சியில எனக்குப் பிடிக்காத ஆக்கள் இருபது பேரை வெட்டிப்போட்டு மடிச்சுப் போட்டனான். சரிதானே?" என்று கேட்டார்.

சரியில்லை. அவர் வெட்டிய இருபது கோடுகளுக்கும் எண்ணிக்கையில் எந்தப் பெறுமதியும் கிடையாது. சீட்டு செல்லுபடியாகும், கட்சிக்கு வாக்குப் போகும், ஆனால் வெட்டப்பட்டவர்களுக்கு ஒன்றும் குறையாது. உள்ளூராட்சித் தேர்தலில் பெயர் வெட்டும் உரிமை முன்பு இருந்தது. 2002இல் வந்த தேர்தல் சட்டத்தோடு அது போய்விட்டது. தொண்ணூறுகளில் வாக்களித்துப் பழகியவர்களின் கை இன்னும் அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது.

அன்றிலிருந்து இங்கே தெரிந்த தமிழர்களிடம் எல்லாம் விசாரித்துப் பார்த்தேன். வாக்களிக்காமல் விடுவது ஒரு பிரச்சினை என்றால், வாக்களித்தும் நினைத்தது நடக்காமல் போவது இன்னொரு பிரச்சினை. இரண்டுமே சின்னச் சின்னத் தவறுகளால் வருபவை. அடுத்த தேர்தல் 2027 செப்டெம்பரில். அதற்கு முன் இவற்றைப் பேசிவிட வேண்டும்.

முதலாவது, "எனக்கு நோர்வே பாஸ்போர்ட் இல்லை, எனக்கு வாக்கில்லை" என்ற நினைப்பு. நாடாளுமன்றத் தேர்தலுக்குத்தான் குடியுரிமை வேண்டும். மாநகரசபைக்கு அது தேவையில்லை. தேர்தல் நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக நோர்வேயின் குடிசனப் பதிவேட்டில் இருந்தால் போதும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் வாக்கு உண்டு. 1983 முதல் இருக்கிற உரிமை இது. கவனிக்க வேண்டிய சொல் 'தொடர்ச்சியாக'. இடையில் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்ததாகப் பதிந்துவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்குக் கணக்கு மறுபடி தொடங்கும். வயது விடயத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. தேர்தல் நடக்கும் ஆண்டின் முடிவுக்குள் 18 ஆனால் போதும். டிசம்பரில் பிறந்தநாள் வரும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு செப்டெம்பரில் வாக்கு இருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

வாக்காளர் பட்டியலில் சேரத் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. தேர்தல் ஆண்டின் ஜூன் 30ஆம் திகதி உங்கள் முகவரி எந்தக் கொம்மூனவில் (உள்ளூராட்சிப் பகுதியில்) பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் உங்கள் பெயர் இருக்கும். இங்கேதான் வீடு மாறுபவர்கள் சிக்குகிறார்கள். ஆகஸ்டில் ஒஸ்லோவிலிருந்து பக்கத்துக் கொம்மூனவான லோரன்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போனவர், தேர்தலன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனால் திருப்பி அனுப்பப்படுவார். அவர் அந்த முறை ஒஸ்லோ வாக்காளர். தேர்தல் நாளில் சொந்தக் கொம்மூனவில் மட்டும்தான் வாக்களிக்கலாம். முன்கூட்டிய வாக்களிப்பு அப்படியல்ல. ஆகஸ்ட் 10 அளவில் தொடங்கி தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வரை நாட்டின் எந்த மூலையிலும் போடலாம். ஒன்று: முன்கூட்டியே போட்டுவிட்டால் போட்டதுதான், தேர்தலன்று மனம் மாறி மறுபடி போட முடியாது.

வாக்காளர் அட்டை வரவில்லை, அதனால் போகவில்லை என்பவர்களும் உண்டு. சொந்தக் கொம்மூனவில் அட்டை கட்டாயமில்லை. படமும் பெயரும் பிறந்த திகதியும் உள்ள அடையாள ஆவணம்தான் கட்டாயம்.

இன்னொரு குழப்பம், சீட்டுகளின் எண்ணிக்கை. மற்ற ஊர்களில் ஒரே நாளில் கொம்மூனவுக்கு ஒன்று, மாவட்ட சபைக்கு ஒன்று என இரண்டு வாக்குகள். ஒஸ்லோ ஒரே நேரத்தில் கொம்மூனவும் மாவட்டமுமாக இருப்பதால் இங்கே மாவட்ட சபைக்குத் தனி வாக்கு இல்லை. 2023இல் இங்கே மாநகரசபைக்கு ஒன்று, நாம் வாழும் நகரப் பகுதியின் குழுவுக்கு ஒன்று எனப் போட்டோம். பேர்கனில் இருக்கும் தங்கை மாவட்ட சபைக்கும் போட்டேன் என்று சொன்னதைக் கேட்டு, அந்தச் சீட்டை இங்கே தேட வேண்டாம். தேர்தலன்று பக்கத்திலேயே நோர்வே திருச்சபையின் தேர்தலும் நடக்கும். அது அந்தத் திருச்சபை உறுப்பினர்களுக்கு மட்டும். அந்த மேசையைப் பார்த்துவிட்டுப் பிழையான வாசலுக்கு வந்துவிட்டோம் என்று திரும்பவும் வேண்டாம்.

இனிச் சீட்டுக்கு வருவோம். உண்மையான விடயம் இதற்குள்தான் இருக்கிறது.

ஒஸ்லோ மாநகரசபையில் 59 இடங்கள். ஒவ்வொரு கட்சியின் சீட்டிலும் அறுபதுக்கு மேற்பட்ட பெயர்கள்கூட வரலாம். மேலே சில பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும். பெரும்பாலானோர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். 2023இல் நடைமுறையில் இருந்த விதிப்படி, தடித்த எழுத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்சி பெற்ற சீட்டுகளின் எண்ணிக்கையில் 25 வீதம் தனிப்பட்ட வாக்காக முதலிலேயே சேர்ந்துவிடும். ஒரு கட்சிக்கு 40,000 சீட்டு விழுந்தால், தடித்த எழுத்துக்காரர் 10,000 வாக்கோடு ஓட்டத்தைத் தொடங்குகிறார். நாற்பதாவது இடத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளை சுழியத்திலிருந்து தொடங்குகிறது.

அப்படியென்றால் பெயருக்கு முன்னால் உள்ள பெட்டியில் புள்ளடி போடுவது வீணா? இல்லை, ஆனால் எங்கே போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். கட்சிக்குப் பத்து இடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்து பேரைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது என்றால், மிச்ச ஐந்து இடத்துக்கும் போட்டி திறந்த போட்டி. அங்கே சில நூறு புள்ளடிகள் ஒருவரைச் சபைக்குள் கொண்டுபோய் விடும், பட்டியலில் அவர் எவ்வளவு கீழே இருந்தாலும் சரி. எதிர்பார்க்கும் இடங்கள் முழுவதற்கும் தடித்த எழுத்தைப் போட்டுவிட்ட கட்சியில் உங்கள் புள்ளடிக்கு வேலை மிகக் குறைவு. சீட்டைக் கையில் எடுத்ததும் முதலில் எண்ண வேண்டியது இதைத்தான்: தடித்த பெயர் எத்தனை, போன முறை அந்தக் கட்சிக்கு இடம் எத்தனை.

விரும்பிய அத்தனை பேருக்கும் புள்ளடி போடலாம், ஆளுக்கு ஒன்று. ஆனால் எல்லாருக்கும் போட்டால் யாருக்கும் போடாதது மாதிரித்தான். முகம் பார்த்து எல்லா நண்பர்களுக்கும் போடும் பழக்கம் நமக்கு உண்டு. உண்மையில் ஒருவர் உள்ளே போக வேண்டும் என்றால் அவருக்கும், கூட இரண்டு மூன்று பேருக்கும் மட்டும் போடுங்கள்.

வேறு கட்சியில் நிற்கும் ஒருவருக்குப் போட ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருந்தது. 'ஸ்லெங்கர்' என்று சொல்வார்கள். உங்கள் கட்சியின் சீட்டில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் அவர் பெயரையும் கட்சியையும் தெளிவாக எழுத வேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு. ஒஸ்லோவில் ஒரு சீட்டு என்பது எண்ணும்போது 59 பட்டியல் வாக்கு. ஒரு ஸ்லெங்கர் எழுதினால் அதில் ஒன்று உங்கள் கட்சியிலிருந்து கழிந்து அந்தக் கட்சிக்குப் போகும். ஐந்து பெயர் எழுதினால் உங்கள் கட்சிக்கு 54, அங்கே 5. பெயர் தமிழ்ப் பெயராக இருக்கிறது என்பதற்காக, தன் கொள்கைக்கு நேர் எதிரான கட்சிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அது தெரியாமலே வீட்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். தெரிந்து கொடுப்பது உங்கள் உரிமை. தெரியாமல் கொடுக்கக் கூடாது. 2027க்கு முன் இந்த விதிகள் எப்படி நிற்கின்றன என்பதைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மடிப்பு. கட்சிப் பெயர் உள்ளே இருக்க வேண்டும். வெளியே தெரியும் பக்கத்தில் அலுவலர் முத்திரை குத்துவார், பிறகு நீங்களே பெட்டியில் போடுவீர்கள். முத்திரை இல்லாமல் பெட்டிக்குள் போன சீட்டு கணக்கில் வராது. பிழையாக எழுதிவிட்டால் பதறத் தேவையில்லை. பெட்டிக்குள் போடும்வரை எத்தனை முறையும் புதுச் சீட்டு எடுக்கலாம்.

சீட்டுக்கு வெளியே உள்ள பெரிய தவறு, யாரைத் தெரிவு செய்கிறோம் என்று புரியாமல் இருப்பது. நகரத் தலைவரைத் தெரிவு செய்வதாகவே பலரும் நினைக்கிறார்கள். கழுத்தில் சங்கிலி போட்டு விருந்தினரை வரவேற்கும் 'ஊர்ட்ஃபோரர்' சபைக்குத் தலைமை தாங்குபவர், ஆட்சி நடத்துபவர் அல்ல. 1986 முதல் ஒஸ்லோவில் நாடாளுமன்ற முறை. சபையின் பெரும்பான்மையைச் சார்ந்து நிற்கும் 'பீரோட்' என்ற நகர அரசாங்கம்தான் நிர்வாகத்தை நடத்துகிறது. 2015 முதல் 2023 வரை மரியானெ போர்கன் ஊர்ட்ஃபோரர். நகர அரசாங்கத்தின் தலைவர் ரேமண்ட் யொஹான்சன். 2023 தேர்தலுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு ஐரிக் லே சூல்பர்க் வந்தார்.

இந்த நாடாளுமன்ற முறை வெறும் பெயருக்கு இல்லை. நகரத்தின் குடிநீரில் ஏறத்தாழ 90 வீதம் ஒரே ஏரியிலிருந்து, மாரிடால்ஸ்வன்னெயிலிருந்து, வருகிறது. அதனால் இரண்டாவது நீர்வழங்கல் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் செலவு கூடியதைச் சபைக்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை என்று, 2021 ஜூனில் சூழல் பொறுப்பிலிருந்த லான் மரீ பேர்க் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. யொஹான்சனின் முழு அரசாங்கமும் பதவி விலகி, பிறகு மாற்றத்தோடு திரும்பி வந்தது. 59 பேரில் சிலர் எந்தப் பக்கம் கை தூக்குகிறார்கள் என்பதில் இவ்வளவு தங்கியிருக்கிறது.

அதனால்தான் சபைக்கு அதிகாரம் இல்லாத விடயங்களுக்காகக் கோபப்பட்டு வாக்கைத் தீர்மானிப்பது பிழை. விசா, குடியுரிமை, 'நாவ்' என்ற தொழில் மற்றும் நலன்புரி அலுவலகத்தின் கொடுப்பனவு விதிகள் எல்லாம் அரசின் வேலை. ஊல்லவோல் மருத்துவமனையை மூடுவதா என்று தேர்தல் காலத்தில் எவ்வளவு பேசினாலும், மருத்துவமனைகள் அரசுக்குரியவை. பள்ளிக்கூடம், பாலர் பாடசாலை, முதியோர் இல்லம், வீட்டுக்கு வரும் தாதி, தண்ணீர்க் கட்டணம் இவைதான் சபையின் கையில் இருப்பவை. 2016இல் வந்த வீட்டுச் சொத்து வரியும் சபை எடுத்த முடிவுதான். இவற்றை வைத்துக் கட்சிகளை அளந்து பாருங்கள்.

"சின்னக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண்" என்பதும் நாடாளுமன்றத் தேர்தலின் 4 வீத எல்லையைக் கேட்டு வந்த பயம். மாநகரசபைக்கு அந்த எல்லை இல்லை. 59 இடத்தில் ஒன்றுக்கு ஒன்றரை வீதத்தை அண்டிய வாக்கே போதுமானதாக இருக்கும்.

இங்கே நம்மவர் உள்ளே போக முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு பெயர்: கம்சாயினி குணரத்னம். இலங்கையில் பிறந்து, சிறு பிள்ளையாக நோர்வேக்கு வந்து, 2011இல் ஊத்தோயாத் தீவில் நடந்த கொலைவெறியிலிருந்து நீந்தித் தப்பியவர். 2015இல் ஒஸ்லோவின் துணை ஊர்ட்ஃபோரர் ஆனார். 2021இல் நாடாளுமன்றம் போனார்.

கடைசியாக, வீட்டுக்குள் நடக்கும் தவறு. கணவன் மனைவிக்குச் சீட்டு எடுத்துக்கொடுப்பது, மகன் அம்மாவோடு மறைப்புக்குள் நுழைவது. பொதுவாக வாக்காளர் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும். மொழி தெரியாவிட்டாலோ பார்வை குறைவாக இருந்தாலோ அங்கிருக்கும் அலுவலரிடம் உதவி கேட்கலாம். அவர்களுக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு. அம்மாவுக்கு முதலே வீட்டில் வைத்து, கட்சிகள் என்ன சொல்கின்றன என்று தமிழில் விளங்கப்படுத்துங்கள். முடிவை அவரிடம் விடுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கவும் வழியிருக்கிறது. முன்கூட்டியே கொம்மூனவிடம் விண்ணப்பித்தால், அலுவலர்கள் சீட்டுகளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவர்கள் கதவைத் தட்டுவார்கள். அதற்குக் கடைசித் திகதி ஒன்று உண்டு, ஆகஸ்டிலேயே கேட்டு வையுங்கள்.