இடைக்கால வேஃபர் சுடுவோரைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்காலப் பாரிஸில் இரும்பு அச்சில் மெல்லிய தகடுபோலச் சுட்டு விற்கப்பட்ட வேஃபருக்கு உப்ளி என்று பெயர். அதைப் பற்றித் தமிழில் எழுதுவோரை முதலில் தடுமாற வைப்பது அப்பம் என்ற சொல்தான். நற்கருணையில் வழங்கப்படுவதையும் நாம் அப்பம் என்றே சொல்வதால், உப்ளி சுட்டவர்கள் எல்லோரும் தேவாலயத்துக்காகவே சுட்டார்கள் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. காணிக்கை எனப் பொருள்படும் ஒப்லாத்தா என்ற லத்தீன் சொல்லிலிருந்தே உப்ளி என்ற பெயர் பிறந்தது என்பது உண்மைதான். ஆனாலும் திருப்பலிக்கான அப்பமாகிய ஓஸ்தியில் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே சேரும். விருந்தின் முடிவில் மசாலா ஒயினோடு பரிமாறப்பட்ட வேஃபர் வேறு பண்டம்.

அச்சைப் பற்றிய பிழை இன்னும் அடிக்கடி நேர்கிறது. ஆழமான கட்டங்களோடு உப்பி நிற்கும் இன்றைய வாஃபிளை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதக் கூடாது. பேக்கிங் பவுடர் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அன்றைய அச்சு என்பது நீண்ட பிடிகளையுடைய இடுக்கியின் முனையில் பொருத்தப்பட்ட இரண்டு தட்டையான இரும்புத் தகடுகள். அவற்றின் உட்புறத்தில் சிலுவையோ பூவோ குலச்சின்னமோ செதுக்கப்பட்டிருக்கும். 1393 வாக்கில் பாரிஸில் எழுதப்பட்ட ஓர் இல்லறக் கையேடு, முட்டை, உப்பு, ஒயின், மாவு ஆகியவற்றை அடித்துக் கலந்து, பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றின் அளவு மாவைத் தகடுகளுக்கு இடையில் வைத்து அழுத்தி, இருபுறமும் வேகவிடச் சொல்கிறது. மாவு ஒட்டிக்கொண்டால், எண்ணெயிலோ கொழுப்பிலோ நனைத்த சிறு துணியால் அச்சை முன்னதாகத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது. தோசைக்கல் பழகிய கைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

உப்ளி சுட்டவர்களை வெறும் தெருவோர வியாபாரிகளாக மட்டும் காட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 1400ஆம் ஆண்டை ஒட்டி வகுக்கப்பட்ட, பாரிஸ் உப்ளி சுடுவோர் தொழில் சங்கத்தின் விதிகளின்படி, தொழில் நடத்த விரும்பியவர் ஒரே நாளில் 500 பெரிய உப்ளிகளும் வேறு இரு வகைகளில் 300, 200 என்ற கணக்கிலும் சுட வல்லவராக இருக்க வேண்டும். கனல்மேல் கனத்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்து ஆயிரம் மெல்லிய தகடுகளைச் சுட்டு எடுக்க எத்தகைய கைத்திறன் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெருவில் விற்றவர்களைப் படமாகத் தீட்டும்போது, அதிர்ஷ்டம் பார்ப்பதற்காக மூடியில் சுழலும் முள் பொருத்திய தகர உருளையை அவர்கள் முதுகில் ஏற்றிவிடக் கூடாது. அது பல நூற்றாண்டுகள் பிந்தியது. இடைக்கால விற்பனையாளர் சுமந்தது கூடை; வாங்க வந்தவரோடு உப்ளியைப் பந்தயமாக வைத்து ஆடியது பகடை.

1566இல் உப்ளி சுடுவோர் சங்கம் பேஸ்ட்ரி செய்வோர் சங்கத்தோடு இணைக்கப்பட்டது. ஆகவே, அதற்குப் பிந்தைய சங்க ஆவணங்களில் இவர்களுடைய பெயர் தனியாக இல்லை என்பதை வைத்து, உப்ளி சுடும் தொழிலே அற்றுப்போயிற்று என்று எழுதிவிடக் கூடாது.