திபெத் ஏன் உயரம்? டெல்டாக்காரர்கள் செய்யும் சில தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் பீடபூமி எப்படி உருவாகிறது என்று கேட்டால், ‘மண்ணும் பாறையும் படிந்து படிந்து’ என்றுதான் பல பேர் சொல்கிறார்கள். ஆற்று வண்டல் வயலில் படிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றும்தான். ஆனால் திபெத் படிந்து உயர்ந்ததல்ல, நெருக்குண்டு தடித்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமந்து நகரும் பெரும் பாறைப் பலகை, யூரேசியாவில் மோதியது. அந்த நெருக்கல் இன்னும் ஓயவில்லை. பூமியின் மேலோடு மடிந்தும், துண்டு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியும், வழக்கமாக 35, 40 கி.மீ. இருக்கும் தடிமன் அங்கே 70 கி.மீ. வரை போய்விட்டது.

சரி, அந்த உயரத்தைத் தாங்குவது எது? இந்தியா தள்ளுவது மட்டும்தான் என்று எழுதாதீர்கள். கொள்ளிடத்தில் மிதக்கும் தடித்த கட்டை மேலேயும் கூடுதலாகத் தெரியும், கீழேயும் கூடுதலாக முங்கியிருக்கும். தடித்த மேலோடும் தனக்கு அடியிலுள்ள அடர்ந்த அடுக்கான மேன்டில் மேல் அப்படித்தான் நிற்கிறது. அந்த மேன்டிலை உருகிய குழம்பு என்று சொல்வது இன்னொரு தவறு. அது திடப்பாறை, நெடுங்காலத்தில்தான் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும்.

இந்தக் கருத்து பிறந்த கதையில் தஞ்சாவூரும் வருகிறது. 1808-ல், இந்தியாவை அளந்துகொண்டிருந்த ஆங்கிலேய அதிகாரி லாம்டனின் பெரிய தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. அதே நில அளவைப்பணி பிற்பாடு வடக்கே போனபோது, இமயமலை தூக்குக்குண்டைக் கணக்குப்படி இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை என்று பாதிரியார் ஜான் பிராட் கண்டார். மலைக்கு அடியில் ஆழமாக, லேசான பாறையாலான வேர் இருக்கிறது, அதனால்தான் இழுப்பு குறைகிறது என்று 1855-ல் விளக்கியவர் பிரிட்டிஷ் வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி.

எல்லாப் பீடபூமியும் கண்டங்கள் மோதித்தான் வரும் என்பதும் சரியல்ல. பொலிவியாவின் அல்டிப்ளானோ பீடபூமியில் மோதியது கண்டமல்ல. கடல்தட்டு அடியில் புகப்புக மேலோடு சுருங்கித் தடித்தது. தக்காணத்தின் வடமேற்கில் பரந்து கிடப்பது சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழைய எரிமலைப் பாறை.

அப்புறம், மேலோடு உருமாறினால் நிலம் உயரத்தான் வேண்டும் என்றில்லை. நம் டெல்டாவுக்கு அடியில் நடந்தது நேர் எதிர். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது மேலோடு இழுபட்டு, மெலிந்து, தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் கிலோமீட்டர் கணக்கில் வண்டல் நிறைந்தது. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் கச்சா எண்ணெய் எடுப்பது அந்தப் படிவுகளிலிருந்துதான். திபெத்தும் இப்போது தெற்கு வடக்காக நெருக்குண்டபடியே கிழக்கு மேற்காக இழுபடுகிறது. அதனால் விரிந்த பள்ளத்தாக்குகள் அங்கே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கின்றன.