பனியன் கம்பெனி தையல் வரிசைக்கு ஊக்கத்தொகை போடுவது எப்படி?

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் தொடங்குபவர்கள் முதலில் யோசிப்பது ஆளுக்கு ஆள் பீஸ் ரேட்டைத்தான். தைத்த அளவுக்குக் கூலி. கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் ஒருவர் தைத்ததை அடுத்தவர் வாங்கித் தைக்கும் வரிசையில் அது கெடுதல்தான் செய்யும் என்பது என் கருத்து. அதற்குப் பதில், சம்பளத்துக்கு மேல் முழு வரிசைக்கும் சேர்த்து ஊக்கத்தொகை போடுங்கள்.

படி 1: நேரம் பாருங்கள்

ஒவ்வொரு வேலையிலும் பத்துப் பீஸுக்கு நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்குத் தோள் 20 நொடி, கழுத்து ரிப் 40, கை 45, சைடு 50, கீழ் மடிப்பு 30 என்று வைத்துக்கொள்வோம். தோள் தைப்பவரால் மணிக்கு 180 முடியும். சைடு தைப்பவரால் 72தான். பீஸ் ரேட் என்றால் முதலாமவர் 180 தைத்துக் குவிப்பார். வெளியே வருவதோ அதே 72. மிச்சம் நடுவில் கட்டுக்கட்டாகக் கிடந்து அழுக்காகும், சைஸ் கலந்துபோகும். அதற்கும் நீங்கள் கூலி கொடுத்திருப்பீர்கள்.

படி 2: இலக்கு வையுங்கள்

மெதுவான வேலைதான் அளவு. நூல் மாற்ற, தண்ணீர் குடிக்க நேரம் விட்டு 72-ஐ 60 ஆக்குங்கள். எட்டு மணி நேரத்துக்கு 480.

படி 3: எங்கே எண்ணுவது?

செக்கிங் டேபிளில் தேறிய பீஸை மட்டும் எண்ணுங்கள். ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பியது சரியாகி வந்த பிறகே கணக்கில் சேரும். மணிக்கொரு முறை போர்டில் எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், வரிசையின் எண்ணிக்கை போதும்.

படி 4: பணம்

இலக்கு 480 என்றாலும் வழக்கமாக 400தான் வருகிறது என்றால், அதற்கு மேல் ஒவ்வொரு நல்ல பீஸுக்கும் வரிசைக்கு 6 ரூபாய் என்று வையுங்கள். 450 வந்தால் 300 ரூபாய். ஐந்து டெய்லர், ஒரு ஹெல்பர், ஆளுக்கு 50. இப்போது தோள் தைப்பவர் தன் வேலை முடிந்ததும் சைடுக்குக் கைகொடுக்க ஒரு காரணம் இருக்கிறது.

கட்டிங் வரவில்லை, மிஷின் நின்றது என்று ஒரு மணி நேரம் போனால் 400-ஐ 350 ஆக்கிவிடுங்கள். அது அவர்கள் தப்பு இல்லை. ஓவர்டைமுக்கான இரட்டிப்புக் கூலியை இதில் கலக்கவே கூடாது.

படி 5: ரேட்டைக் குறைக்காதீர்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வரிசை நன்றாக ஓடி 470 வந்ததும், "அப்படியானால் இனி 450-க்கு மேல்தான் காசு" என்று மாற்றிவிடுகிறார்கள். அடுத்த வாரமே வேகம் குறையும். வேகமாகத் தைத்தால் தண்டனை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் எந்த சூப்பர்வைசராலும் அதை மாற்ற முடியாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வெல்டிங் மிஷின் செய்யும் லிங்கன் எலெக்ட்ரிக் பல பத்தாண்டுகளாகப் பீஸ் ரேட்டில் ஓடிய கம்பெனி. வேலை செய்யும் முறை மாறினால் தவிர ரேட்டைத் தொடுவதில்லை என்பது அங்கே விதி. நீங்களும் அப்படியே எழுதி ஒட்டிவிடுங்கள்: புது மிஷின் வந்தால், ஸ்டைல் மாறினால் மட்டும் மறுபடி நேரம் பார்ப்போம்.

படி 6: சனிக்கிழமையே கொடுங்கள்

வாரச் சம்பளத்தோடு, தனிச் சீட்டில், நாள்வாரி எண்ணிக்கை எழுதி. சீட்டும் போர்டும் ஒத்துப்போகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.